மே தினத்தன்று வேலைக்குப் போகாததற்கு இரண்டு நாள் சம்பளம் பிடிக்கலாமா?

தமிழ்நாட்டின் ஒரு மாவட்டத் தலைநகரிலிருந்து 29 வயது வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். வீட்டு உபயோகப் பொருட்கள் விற்கும் பெரிய ஷோரூம் ஒன்றில் மூன்று வருடமாக விற்பனைப் பிரிவில் வேலை. மொத்தம் 42 பேர். மாதச் சம்பளம் 15,600 ரூபாய், செவ்வாய்க்கிழமை வார விடுமுறை.

கடந்த ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, இந்த ஜனவரி 26 ஆகிய மூன்று நாளும் ஷோரூம் திறந்திருந்தது. "எல்லாரும் கட்டாயம் வரணும், காம்ப்-ஆஃப் அப்புறம் தரப்படும்" என்று வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு செய்தி வந்ததோடு சரி. அந்தக் காம்ப்-ஆஃப், அதாவது ஈடான மாற்று விடுமுறை, வரவே இல்லை. பொங்கலன்று கடையை மூடினார்கள். ஆனால் அந்த வாரச் செவ்வாய்க்கிழமை எல்லோரையும் வரவழைத்து, "இந்த வாரம் வீக்லி ஆஃப் பொங்கலன்று" என்று சொல்லிவிட்டார்கள். மே 1-க்கும் அதே வாட்ஸ்அப் செய்திதான். தோழி ஒருவர் தைரியம் சொல்ல, இவர் யாரிடமும் தெரிவிக்காமல் வீட்டில் இருந்துவிட்டார். விளைவு, இரண்டு நாள் சம்பளப் பிடித்தமும், மூன்று நாளில் விளக்கம் கேட்கும் மெமோவும். "சேரும்போதே விடுமுறை நாளில் வேலை செய்யச் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறாய், அதோடு இப்போது புது லேபர் சட்டம் வந்துவிட்டது, பழைய லீவுச் சட்டமெல்லாம் கிடையாது" என்கிறாராம் ஹெச்.ஆர்.

வாசகியின் கேள்விகள்: அரசு காலண்டரில் சிவப்பில் போட்ட நாளெல்லாம் எங்களுக்கும் விடுமுறைதானே? பிடித்த சம்பளத்தைத் திரும்ப வாங்க முடியுமா? வரும் ஆகஸ்ட் 15 அன்று இருபது, இருபத்தைந்து பேர் சேர்ந்து வராமல் இருந்தால் என்ன? லேபர் கோர்ட்டுக்குப் போகலாமா?

அன்புள்ள வாசகிக்கு,

மெமோவுக்குக் கெடு ஓடிக்கொண்டிருக்கிறது என்பதால் அதை முதலில் பார்த்துவிடுவோம் என்றுதான் நினைத்தேன். ஆனால் உங்களுக்கு உரிமையான நாட்கள் எவை என்று தெளிவாகாமல் பதில் எழுதினால், இல்லாத உரிமையைக் கேட்டு, இருக்கும் உரிமையையும் பலவீனமாக்கிக்கொள்வீர்கள். அதனால் காலண்டரிலிருந்து தொடங்குகிறேன்.

சிவப்பு எழுத்து நாளெல்லாம் உங்களுக்கு இல்லை

தமிழக அரசு ஒவ்வொரு ஆண்டும் இருபதுக்கும் மேற்பட்ட பொது விடுமுறைகளை அறிவிக்கிறது. அது 1881-ஆம் ஆண்டின் செலாவணி முறிச் சட்டப்படி (காசோலை போன்ற பணப் பத்திரங்களுக்கான சட்டம்) வருவது. அரசு அலுவலகங்களுக்கும் வங்கிகளுக்கும் உரியது. தனியார் கடை ஊழியரை அந்தப் பட்டியல் நேரடியாகக் கட்டுப்படுத்தாது. "கவர்மென்ட் லீவு விட்டிருக்கே" என்ற வாதத்தோடு நீங்கள் லேபர் ஆபீஸ் படியேறினால், அங்கேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

உங்களுக்கான சட்டம் வேறு. 1958-ஆம் ஆண்டின் தமிழ்நாடு தொழில் நிறுவனங்கள் தேசிய, பண்டிகை மற்றும் சிறப்பு விடுமுறைச் சட்டம். அதன் 3-ஆம் பிரிவு தருவது ஒன்பது நாள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்ற நான்கும் தேதி மாறாதவை. மற்ற ஐந்தும் பண்டிகை விடுமுறை. எந்தப் பண்டிகைகள் என்பதை முதலாளியையும் தொழிலாளர்களையும் கலந்துகொண்டு தொழிலாளர் ஆய்வாளர் குறிப்பிட வேண்டும். நடைமுறையில் நிர்வாகமே ஒரு பட்டியல் தயாரித்து, வழக்கமாக டிசம்பரில், ஆய்வாளருக்கு அனுப்பிவிடுகிறது. தொழிலாளர்களைக் கேட்கும் கட்டம் பெரும்பாலான கடைகளில் காகிதத்தோடு முடிந்துவிடுகிறது. உங்கள் ஷோரூமில் அந்தப் பட்டியல் போனதா, அதில் எந்த ஐந்து பண்டிகை இருக்கிறது என்பது உங்கள் கடிதத்தில் இல்லை. பொங்கல் நாள் தொடர்பான உங்கள் கோரிக்கை முழுக்க அந்த ஒரு தாளைச் சார்ந்தது.

இந்த ஒன்பது நாளும் உங்கள் மற்ற விடுப்புகளில் கழியக்கூடாது. 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 25-ஆம் பிரிவு, தனியாக மூன்று வகை விடுப்பு தருகிறது: ஓராண்டு தொடர்ந்து வேலை செய்தபின் சம்பளத்தோடு 12 நாள், நோய் அல்லது விபத்துக்கு 12 நாள், தற்செயல் விடுப்பு 12 நாள். வார விடுமுறை இவை எல்லாவற்றுக்கும் வெளியே. "வருஷத்துக்கு மொத்தமே 12 லீவுதான், அதில்தான் பொங்கலும் தீபாவளியும்" என்று பல கடைகளில் சொல்வார்கள். அது நான்கு கணக்கை ஒன்றாக்கும் வேலை.

கடையைத் திறந்தது குற்றமா?

இல்லை. இங்கே உங்கள் தோழி சொன்னது பாதிதான் சரி. விடுமுறை நாளிலும் ஊழியரை வேலைக்கு வரச்சொல்ல 1958 சட்டத்தின் 5-ஆம் பிரிவே இடம் தருகிறது. அதற்கு நிர்வாகம் குறைந்தது 24 மணி நேரம் முன்னதாக மூன்று காரியம் செய்ய வேண்டும்: உங்களுக்கு எழுத்து மூலம் அறிவிப்பு கொடுக்க வேண்டும், அதன் நகலை ஆய்வாளருக்கு அனுப்ப வேண்டும், கடையில் எல்லோரும் பார்க்கும்படி ஒட்ட வேண்டும். இவை முறையாக நடந்திருந்தால் "விடுமுறை நாள், வரமாட்டேன்" என்று நீங்கள் மறுக்க முடியாது. ஆனால் அன்று வேலை செய்ததற்கு இரட்டிப்புச் சம்பளமோ, அன்றைய சம்பளத்தோடு சம்பளமுள்ள மாற்று விடுமுறையோ கிடைக்க வேண்டும். இரண்டில் எது வேண்டும் என்று சொல்லும் உரிமை ஊழியருடையது. "நாங்கள் காம்ப்-ஆஃப்தான் தருவோம்" என்று முடிவெடுக்கும் அதிகாரம் ஹெச்.ஆருக்கு இல்லை. "அப்புறம் தருவோம்" என்று தேதியில்லாமல் சொல்லும் காம்ப்-ஆஃப் சட்டத்தின் கண்ணில் காம்ப்-ஆஃபே இல்லை.

வாட்ஸ்அப் குரூப் செய்தியை எழுத்து அறிவிப்பு என்று நிர்வாகம் வாதிடும். எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் பெயரில் தனியாக வரவில்லை, ஆய்வாளருக்கு நகல் போனதாகத் தெரியவில்லை, போர்டில் ஒட்டவில்லை என்பவை உங்கள் பக்கத்து பதில்கள். அதே நேரத்தில் அந்தச் செய்தியை அழித்துவிடாதீர்கள். விடுமுறை நாளில் வேலை வாங்கினார்கள், காம்ப்-ஆஃப் தருவதாக ஒப்புக்கொண்டார்கள் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. மூலச் செய்தி உங்கள் போனிலேயே இருக்கட்டும், போனை மாற்றினாலும் பழையதை வைத்திருங்கள்.

கையெழுத்துப் போட்ட விஷயம்: விடுமுறை நாளில் வரச் சம்மதம் என்ற வரியால் உங்கள் இரட்டிப்புச் சம்பளம் போய்விடாது. சட்டம் தரும் குறைந்தபட்ச உரிமையை அப்பாயின்ட்மென்ட் ஆர்டரால் குறைக்க முடியாது. புதுச் சட்டம் வந்து பழையது போய்விட்டது என்பதும் தவறு. மத்திய அரசின் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தது உண்மை. அவை நீக்கியது மத்தியச் சட்டங்களை. தமிழ்நாட்டின் 1947 கடைகள் சட்டமும் 1958 விடுமுறைச் சட்டமும் மாநிலச் சட்டங்கள். அந்த நீக்கப் பட்டியலில் அவை இல்லை.

பிடித்த இரண்டு நாள்

மே 1 சம்பளமுள்ள விடுமுறை. முறையான அறிவிப்பு இல்லாதபோது நீங்கள் வீட்டில் இருந்தது விடுமுறையை அனுபவித்தது மட்டுமே, 'ஆப்சென்ட்' ஆகாது. அன்றைய சம்பளத்தைப் பிடிக்கவே கூடாது. ஒரு பேச்சுக்கு அறிவிப்பு முறையாக இருந்தது என்றே வைத்துக்கொண்டாலும், வராத ஒரு நாளுக்கு ஒரு நாள் சம்பளத்துக்கு மேல் பிடிக்க முடியாது. வராத நேரத்துக்கு உரிய விகிதத்தைத் தாண்டி பிடித்தம் கூடாது என்பது பழைய ஊதியம் வழங்கல் சட்டத்திலும் இருந்தது. அந்த நான்கு தொகுப்புகளில் ஒன்றான 2019 ஊதியச் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. 'ஒரு நாள் லீவு போட்டால் இரண்டு நாள் கட்' என்ற கடைத்தெரு வழக்கத்துக்குச் சட்டத்தில் இடம் கிடையாது.

தொகையைப் பார்ப்போம். 15,600-ஐ 26-ஆல் வகுத்தால் ஒரு நாளைக்கு 600 ரூபாய். 30-ஆல் வகுத்தால் 520. வார விடுமுறை நாட்களை நீக்கி 26-ஆல் வகுக்கும்படி நீங்கள் கேளுங்கள். நிர்வாகம் உங்களிடம் பிடித்தபோது எதால் வகுத்தது என்று பே ஸ்லிப்பில் பாருங்கள். பிடிப்பதற்கு 26, கொடுப்பதற்கு 30 என்று வைத்திருப்பவர்கள் உண்டு. மாதச் சம்பளக்காரருக்கு விடுமுறை நாளின் ஒரு நாள் சம்பளம் ஏற்கெனவே மாதத் தொகைக்குள் இருக்கிறது. ஆகவே 'இரட்டிப்பு' என்றால் கைக்கு வரவேண்டியது மேற்கொண்டு ஒரு நாள் சம்பளம். மூன்று மடங்கு கேட்காதீர்கள். 600 கணக்கில் ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, ஜனவரி 26 மூன்றுக்கும் 1,800, மே மாதப் பிடித்தம் 1,200, ஆக 3,000 ரூபாய். உங்களுக்கு முந்தைய இரண்டு வருடக் கணக்கும் இருந்தால் சேர்த்துக்கொள்ளலாம். ஊதியத் தொகுப்பின் கீழ் கோரிக்கை மனுவுக்கு 3 ஆண்டு கால வரம்பு உண்டு.

பொங்கல் வாரம் சற்றுச் சிக்கலானது. வார விடுமுறை ஒரு சட்டத்தில் வருகிறது, பண்டிகை விடுமுறை இன்னொரு சட்டத்தில். செவ்வாயை வியாழனுக்கோ வெள்ளிக்கோ நகர்த்தி, ஒரே நாளை இரண்டு கணக்கிலும் எழுதினால் நீங்கள் ஒரு நாளை இழக்கிறீர்கள். பொங்கல் உங்கள் நிறுவனத்தின் ஐந்து பண்டிகைப் பட்டியலில் இருந்தால் அந்தச் செவ்வாய்க்கிழமை உழைப்புக்கு நீங்கள் நியாயமாகக் கேட்கலாம். பட்டியலில் இல்லையென்றால் அதை விட்டுவிடுங்கள். உறுதியான நான்கு தேசிய விடுமுறைக் கோரிக்கையோடு பலவீனமான ஒன்றைக் கட்டிவைத்தால், நிர்வாகம் அந்த ஒன்றைப் பற்றியே பேசும்.

தேசிய விடுமுறை இயல்பாகவே உங்கள் வார விடுமுறை நாளில் வந்தால் கதை வேறு. 2027 ஜனவரி 26 செவ்வாய்க்கிழமைதான். அதற்குப் பதிலாக இன்னொரு நாள் தானாக வந்துவிடாது. நிர்வாகம் மனமுவந்து தந்தால் உண்டு.

மெமோவுக்குப் பதில்

கெடுவுக்குள் கொடுத்துவிடுங்கள். பதில் தராமல் இருப்பதுதான் பெரும்பாலும் வேலைக்கு உலை வைக்கிறது, விடுப்பு எடுத்தது அல்ல. கோபம், தோழியின் பெயர், மற்ற ஊழியர்கள் பற்றிய பேச்சு எதுவும் வேண்டாம். மன்னிப்புக் கடிதம் எழுதித் தரச்சொல்வார்கள். அதில் "அனுமதியின்றி விடுப்பு எடுத்தது தவறு" என்று ஒரு வரி இருந்தால் உங்கள் சம்பளக் கோரிக்கையையே அது சாய்த்துவிடும். இப்படி எழுதினால் போதும்:

"மே 1 அன்று நான் பணிக்கு வராதது தொடர்பான தங்கள் குறிப்பாணை பெற்றேன். மே 1, 1958-ஆம் ஆண்டு சட்டத்தின் 3-ஆம் பிரிவின்படி சம்பளத்துடன் கூடிய விடுமுறை. அன்று பணிபுரிய வேண்டும் என்று 5-ஆம் பிரிவில் சொல்லியபடி எனக்கு எழுத்து மூலம் அறிவிப்பு தரப்படவில்லை. எனவே அது அனுமதியற்ற விடுப்பு ஆகாது. பிடித்தம் செய்த இரண்டு நாள் சம்பளத்தைத் திரும்ப வழங்கவும், ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, ஜனவரி 26 ஆகிய நாட்களில் பணிபுரிந்ததற்கு இரட்டிப்புச் சம்பளம் வழங்கவும் கேட்டுக்கொள்கிறேன். இவ்வாண்டுக்கான பண்டிகை விடுமுறைப் பட்டியலின் நகலையும் தர வேண்டுகிறேன்."

இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் டெலிவரி ஒப்புகையுடன் ஸ்பீட் போஸ்ட், கூடவே ஹெச்.ஆர். மின்னஞ்சலுக்கு ஒரு நகல். வருகைப் பதிவு ஆப்பில் அந்த மூன்று நாட்களின் பதிவையும், பே ஸ்லிப்களையும் இப்போதே எடுத்து வைத்துவிடுங்கள். தகராறு தொடங்கியபின் லாகின் வேலை செய்யாமல் போவது வழக்கமாகிவிட்டது.

வேலையை விட்டு அனுப்பிவிடுவார்களோ என்ற பயம் உங்கள் கடிதத்தின் கடைசிப் பத்தியில் தெரிகிறது. ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்து வேலை செய்தவரை, நியாயமான காரணமும் ஒரு மாத முன்னறிவிப்பும் அல்லது அதற்கு ஈடான சம்பளமும் இல்லாமல் நீக்கக்கூடாது என்கிறது கடைகள் சட்டத்தின் 41-ஆம் பிரிவு. நீக்கினால் மேல்முறையீடும் உண்டு. இது உங்களை முழுக்கக் காக்கும் என்று சொல்லமாட்டேன். டார்கெட் குறைவு என்று சொல்லியோ, தூரத்துக் கிளைக்கு மாற்றியோ நெருக்கடி கொடுக்க அவர்களால் முடியும். அதனால் இந்த மாதங்களில் தாமதமும் விடுப்பும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வாய்மொழி உத்தரவு எதுவாக இருந்தாலும் "நீங்கள் சொன்னபடி செய்கிறேன்" என்று ஒரு வரி செய்தியாக அனுப்பிப் பதிவாக்குங்கள்.

சேர்ந்து வராமல் இருப்பது

இதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். 2019 ஊதியத் தொகுப்பில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது: பத்து பேரோ அதற்கு மேலோ பேசிவைத்து, முன்னறிவிப்பும் நியாயமான காரணமும் இல்லாமல் வேலைக்கு வராமல் போனால், வேலை ஒப்பந்தத்தில் முன்னறிவிப்பு நிபந்தனை இருக்கும் பட்சத்தில் எட்டு நாள் சம்பளம் வரை பிடிக்க வழியுண்டு. அது மட்டுமல்ல, ஒரு நிறுவனத்தில் பாதிப் பேரோ அதற்கு மேலோ ஒரே நாளில் பேசிவைத்துத் தற்செயல் விடுப்பு எடுப்பதையும் அந்த நான்கில் இன்னொன்றான தொழில் உறவுகள் தொகுப்பு வேலைநிறுத்தம் என்றே கணக்கிடுகிறது. வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் முன்னறிவிப்பு வேண்டும். உங்கள் ஷோரூமில் பாதி என்றால் 21 பேர். ஆகஸ்ட் 15 சட்டப்படியான விடுமுறை என்பதால் நீங்கள் எதிர்த்து வாதிடலாம், ஜெயிக்கவும் செய்யலாம். ஆனால் இந்த முறை நிர்வாகம் சுதாரித்து 24 மணி நேர அறிவிப்பை ஒழுங்காகக் கொடுத்துவிட்டால், உங்கள் வாதம் அங்கேயே விழுந்துவிடும். சட்டம் உங்கள் பக்கம் இருக்கும்போது அதைக் கைமாற்றிக் கொடுப்பானேன்?

அதே இருபது பேர் செய்ய வேண்டியது வேறு. ஆகஸ்ட் 15-க்கு முன்பே, ஒவ்வொருவரும் தனித்தனியாக, "அன்று பணிபுரிய நேர்ந்தால் இரட்டிப்புச் சம்பளத்தைத் தேர்வு செய்கிறேன்" என்று எழுதிக் கொடுங்கள்.

லேபர் ஆபீஸ் முதலில், கோர்ட் பிறகு

3,000 ரூபாய்க்கு நீதிமன்றம் போவது கடைசி வழி. மாவட்டத் தலைநகரில் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகம் இருக்கும். அவருக்குக் கீழே துணை ஆய்வாளர், உதவி ஆய்வாளர்கள். தேசிய விடுமுறை நாட்களில் இவர்கள் கடை கடையாக ஆய்வுக்குப் போவதும், அறிவிப்பில்லாமல் ஆட்களை வேலை வாங்கிய நிறுவனங்கள் மீது நடவடிக்கை எடுப்பதும் ஒவ்வொரு முறையும் செய்தித்தாளில் வருவதைப் பார்த்திருப்பீர்கள். ஆகஸ்ட் 15-க்குப் பத்து நாள் முன்பு உங்கள் புகார் அங்கே போய்ச் சேர்ந்தால், அந்த ஆய்வுப் பட்டியலில் உங்கள் ஷோரூம் இடம்பெற வாய்ப்பு அதிகம். நடந்து முடிந்த ஜனவரி 26-க்கு இப்போது போய்ச் சொல்வதைவிட இது பலன் தரும்.

புகாரில் நிறுவனத்தின் பெயர், முழு முகவரி, ஊழியர் எண்ணிக்கை, வேலை வாங்கிய தேதிகள், திறந்து மூடிய நேரம் இவை போதும். பெயரை ரகசியமாக வைக்கும்படி எழுத்தில் கேளுங்கள். ஆனால் நீங்கள் ஏற்கெனவே மெமோ வாங்கியவர். யார் புகார் கொடுத்தது என்று நிர்வாகம் ஊகிக்கத்தான் செய்யும். அதைத் தெரிந்தே இறங்குங்கள். நேரில் போக முடியாவிட்டால் 1100 என்ற முதல்வர் உதவி எண்ணில் பதியலாம். அதுவும் அதே அலுவலகத்துக்குத்தான் வந்து சேரும்.

பண்டிகைப் பட்டியல் நகலை நிர்வாகம் தராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் அந்த அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலரிடம் கேட்கலாம். கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் வர வேண்டும். மனுவை உங்கள் பெயரிலேயே போட வேண்டும் என்றில்லை, வீட்டில் யாராவது போடலாம்.

வரும் டிசம்பரில் அடுத்த ஆண்டுப் பட்டியல் தயாராகும்போது இரண்டு பேராவது போய்க் கேளுங்கள். ஐந்து பண்டிகையும் எந்தக் கிழமையில், எந்தத் தேதியில் வருகின்றன என்று பார்த்துச் சொல்லுங்கள். 2025-இல் விஜயதசமி அக்டோபர் 2 அன்றே வந்தது. அதை ஐந்தில் ஒன்றாக எழுதிய இடங்களில் ஊழியர்கள் ஒரு நாளைச் சும்மா இழந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைப் பண்டிகைகள் உங்களுக்குப் பிரச்சினையில்லை, செவ்வாய்க்கிழமையில் வருபவைதான் கவனிக்க வேண்டியவை. ரம்ஜானும் கிறிஸ்துமஸும் வேண்டும் என்று கேட்கும் சக ஊழியர்கள் இருப்பார்கள்; அவர்களையும் உட்கார வைத்துப் பேசிவிட்டுப் போனால், "உங்களுக்குள்ளேயே ஒத்துவரவில்லை" என்று நிர்வாகம் கைவிரிக்க முடியாது. பட்டியலில் இடம்பெறாத பண்டிகைக்குத் தற்செயல் விடுப்பு இருக்கிறது.

கடிதத்தின் ஓரத்தில் வாக்குப்பதிவு நாளைப் பற்றியும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். மக்களவை, சட்டமன்றத் தேர்தல்களில் வாக்குரிமை உள்ள ஒவ்வொரு ஊழியருக்கும் அன்று முழு நாளும் சம்பளத்தோடு விடுமுறை. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 135பி பிரிவு. "இரண்டு மணி நேரம் பர்மிஷன் போட்டு ஓட்டுப் போட்டுவிட்டு வா" என்பது போதாது. இது அந்த ஒன்பது நாளில் சேராது, தனிக் கணக்கு.